நடவுத் தேதியும் நெருப்பும்: பஞ்சாப் உழவரும் மூன்று சட்டங்களும்

2020–21இல் டெல்லி எல்லையில் நடந்த உழவர் போராட்டத்தை மூன்று வேளாண் சட்டங்களுக்கு எதிரான போராட்டமாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் 2020 டிசம்பர் 30 அன்று ஒன்றிய அமைச்சர்களுடன் நடந்த ஆறாம் சுற்றுப் பேச்சில் உழவர் சங்கங்கள் வைத்த கோரிக்கைகள் நான்கு. மூன்று சட்டங்களைத் திரும்பப் பெறுவது, குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உறுதி வழங்குவது என்பவை முதலிரண்டு. மின்சாரச் சட்டத் திருத்த மசோதாவைக் கைவிடுவது மூன்றாவது. டெல்லிப் பகுதியின் காற்றுத் தரத்துக்கான அவசரச் சட்டத்தின் தண்டனைப் பிரிவிலிருந்து உழவர்களுக்கு விலக்களிப்பது நான்காவது. அன்று உடன்பாடு எட்டியது கடைசி இரண்டில் மட்டுமே.

சந்தைச் சட்டங்களை எதிர்க்க வந்தவர்கள் காற்றைப் பற்றிய சட்டத்தை ஏன் கையோடு கொண்டுவந்தார்கள்? விடையைத் தேடினால் பஞ்சாபின் அறுபதாண்டு வரலாற்றுக்குள் செல்ல வேண்டியிருக்கிறது.

பஞ்சாபின் மரபான கோடைக்காலப் பயிர்கள் மக்காச்சோளம், கம்பு, பருத்தி, பயறு வகைகள். 1960–61இல் அங்கு நெல் விளைந்த பரப்பு சுமார் 2.3 லட்சம் ஹெக்டேர். அண்மை ஆண்டுகளில் அது 30 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. 1965இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலை ஆணையமும் தோன்றின. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில் அமைந்தது. ஆனால் அதன் களஞ்சியத்தை நிரப்பும் பெரும்பொறுப்பு பஞ்சாபின்மேல் விழுந்தது. குட்டை ரக விதை, இரசாயன உரம், ஆழ்துளைக் கிணறு, அரசுக் கொள்முதல் ஆகிய நான்கும் சேர்ந்து, பருவமழை குறைந்த ஒரு நிலத்தை நெல் வயலாக மாற்றின. நாட்டின் பசியைத் தீர்க்க எடுக்கப்பட்ட முடிவு அது.

அதன் விலை நிலத்தடி நீரில் தெரிந்தது. கோதுமையும் நெல்லும் மாறி மாறி வரும் சுழற்சி நெடுங்காலம் தாங்காது என்று 1986லேயே எஸ்.எஸ். ஜோல் தலைமையிலான குழு எச்சரித்து, ஐந்தில் ஒரு பங்கு நிலத்தை வேறு பயிர்களுக்குத் திருப்பும்படி பரிந்துரைத்தது. அது பெருமளவு ஏட்டளவிலேயே நின்றது. 1997இல் வேளாண்மைக்கு இலவச மின்சாரம் வந்தது. நீர்மட்டம் இறங்க இறங்க, வசதியுள்ளவர் ஆழத்தில் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கினார். சிறு உழவர் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்கினார். இன்று பஞ்சாபில் ஆண்டுதோறும் உறிஞ்சப்படும் நீர், எடுக்கத்தக்க அளவின் 150 சதவீதத்துக்கும் மேல்.

இந்நிலையில்தான் பஞ்சாப் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் அவசரச் சட்டமாகவும் 2009இல் முழுச் சட்டமாகவும் வந்தது. மே 10க்கு முன் நாற்று விடக் கூடாது. ஜூன் 10க்கு முன் நடக் கூடாது. மீறினால் ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் அபராதம்; நட்ட பயிரை உழவர் செலவிலேயே அழிக்கவும் அதிகாரம் உண்டு. ஹரியானாவும் அதே ஆண்டில் இத்தகைய சட்டம் இயற்றியது. சுடும் மே மாதத்தில் வயலில் நீர் கட்டினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். நடவைப் பருவமழையை ஒட்டித் தள்ளிவைத்தால் நீர் மிஞ்சும். அறிவியல் நோக்கில் இக்கணக்கில் குறையில்லை.

ஆனால் தள்ளிப்போன நடவு அறுவடையையும் தள்ளியது. நெல் அறுவடை முடிய அக்டோபர் பிற்பகுதி ஆகிவிடுகிறது. கோதுமையை நவம்பர் முதற்பாதிக்குள் விதைத்தாக வேண்டும். பிந்தினால் மார்ச் மாத வெப்பத்தில் மணி சுருங்கி விளைச்சல் குறையும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்களே. அறுவடை இயந்திரம் கதிரை அரிந்து, நிற்கும் தாளையும் சிதறிய வைக்கோலையும் வயலில் விட்டுச் செல்கிறது. அதை விரைவாகவும் செலவின்றியும் அகற்றும் வழி, ஒரு தீக்குச்சி.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வியப்பு எழும்: வைக்கோலை எரிப்பார்களா? காவிரிப் படுகையில் குறுவையின் தாளை மடக்கி உழுது நடும் இரண்டாம் போகத்துக்குத் தாளடி என்றே பெயர். வைக்கோலோ மாட்டுக்கு உணவு. பஞ்சாபில் மாட்டுத் தீவனம் ‘தூடி’ எனப்படும் கோதுமை வைக்கோல். ‘பராலி’ எனப்படும் நெல் வைக்கோலில், பாசுமதி நீங்கலான ரகங்களுடையதை மாடுகள் விரும்புவதில்லை. பழைய உணவுப் பழக்கத்திலும் கால்நடை வளர்ப்பிலும் நெல்லுக்குப் பெரிய இடம் இல்லாத மண்ணில், அதன் மிச்சத்துக்கும் இடம் அமையவில்லை.

எரிப்பு 2009க்கு முன்பும் இருந்தது. சட்டத்துக்குப் பின் அது குறுகிய நாட்களுக்குள் நெருங்கி, நவம்பரை நோக்கி நகர்ந்தது. அப்போது காற்றின் வேகம் குறைவு. குளிர்ந்த காற்று புகையைத் தரையோடு அழுத்தி வைக்கும். 2019இல் ‘நேச்சர் சஸ்டெயினபிலிட்டி’ இதழில் வெளியான ஆய்வொன்று, நீரைக் காக்கும் கொள்கைக்கும் காற்று மாசுக்கும் இடையிலான இந்த முரணை ஆராய்ந்தது. நீருக்காக எழுதப்பட்ட சட்டம் காற்றின் சுமையைக் கூட்டியது.

அந்தச் சுமைக்கும் சட்டம் வந்தது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரிப்பைத் தடைசெய்து, நிலப்பரப்புக்கேற்ப 2,500 முதல் 15,000 ரூபாய் வரை இழப்பீடு விதித்தது. 2020 அக்டோபர் 28 அன்று பிறப்பிக்கப்பட்ட காற்றுத் தர அவசரச் சட்டம், ஐந்தாண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. வேளாண் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உழவரின் நான்காவது கோரிக்கை பிறந்த இடம் இதுவே.

உழவர்கள் சூழல் அக்கறை இல்லாதவர்கள் என்று இதைக் கொண்டு முடிவுகட்டுவது எளிது. ஆனால் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அந்தக் கிராமத்தினரே. வற்றுவது அவர்களுடைய கிணறே. அவர்களின் மறுப்பைப் புரிந்துகொள்ளச் சட்டத்தின் வாக்கிய அமைப்பைக் கவனிப்பது உதவும். 2009 சட்டத்தின் தடைகளில் எழுவாய் உழவர்: அவர் விதைக்கக் கூடாது, நடக் கூடாது. மறுபுறம், குறைந்தபட்ச ஆதரவு விலை எந்தச் சட்டத்திலும் இல்லை. அது ஆண்டுதோறும் வெளியாகும் நிர்வாக அறிவிப்பு. இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்கு விலை அறிவிக்கப்பட்டாலும், பஞ்சாபில் உறுதியாகவும் பெருமளவிலும் வாங்கப்படுவன கோதுமையும் நெல்லும்தாம். உழவரின் கடமை சட்டமாக இருக்கிறது. உழவருக்கான உறுதியோ அறிவிப்பாக மட்டுமே நிற்கிறது. நெல்லை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறச் சொல்லும் அரசு, மக்காச்சோளத்தை வாங்குவேன் என்று கையெழுத்திடத் தயங்குகிறது. ஆதரவு விலைக்குச் சட்ட உறுதி கேட்ட கோரிக்கையைச் சூழல் கோரிக்கையாகவும் படிக்க இடமிருக்கிறது.

மானியங்கள் வந்ததையும் சொல்ல வேண்டும். 2018 முதல் வைக்கோல் மேலாண்மை இயந்திரங்களுக்குத் தனி உழவருக்கு 50 சதவீதமும் கூட்டுறவு அமைப்புகளுக்கு 80 சதவீதமும் உதவி கிடைத்தது. தாளின் ஊடே கோதுமை விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ பலருக்குப் பயன்பட்டது. ஆயினும் ஆண்டில் சில வாரங்களே ஓடும் இயந்திரத்தை இழுக்கக் குதிரைத்திறன் மிகுந்த டிராக்டரும் வேண்டும் என்பது சிறு உழவரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எரிக்காத சிறு உழவருக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் தரும்படி 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது, தண்டனையால் மட்டும் இது தீராது என்பதன் ஒப்புதலே.

2021இல் நாடாளுமன்றம் இயற்றிய காற்றுத் தர ஆணையச் சட்டம் உழவர்களைச் சிறைத் தண்டனையிலிருந்து விலக்கியது; சூழல் இழப்பீடு வசூலிக்கும் பிரிவை வைத்துக்கொண்டது. அவ்விழப்பீடு 2024 நவம்பரில் இரட்டிப்பாகி 5,000 முதல் 30,000 ரூபாய் வரை ஆனது. வேளாண் சட்டங்கள் 2021 நவம்பரில் நீக்கப்பட்டன. ஆதரவு விலைக்கு இன்றும் சட்டம் இல்லை. நடவுத் தேதியோ ஜூன் 10, 15, 20, 13 என்று அலைந்து, 2025இல் ஜூன் 1க்கு முன்னேறியது. காற்றின் கணக்கு ஒரு தேதியைக் கேட்கிறது, நீரின் கணக்கு வேறொன்றைக் கேட்கிறது.

நீருக்கு ஒரு துறை, காற்றுக்கு ஓர் ஆணையம், விலைக்கு ஓர் அமைச்சகம். இவை மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒரு வயலின் வரப்பு மட்டுமே. அங்கு நிற்பவரைக் கேட்காமல் எழுதப்படும் அடுத்த சட்டமும் நீரைக் காத்துக் காற்றை இழக்கும், அல்லது காற்றைக் காத்து நீரை இழக்கும்.