மாற்று ஸ்தானமும் மில் தொழிலாளியும்: சீனக் கட்சியின் இளைய தலைமையைத் திருப்பூரிலிருந்து நோக்கும் ஓர் ஆராய்ச்சி

புரட்சிக் கட்சிகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் அவற்றின் உச்சியில் நின்ற நான்கைந்து பேருடைய வாழ்க்கையிலேயே தங்கள் கவனம் முழுவதையும் செலுத்திவிடுகின்றனர். அவர்களுக்கு அடுத்த வரிசையில் அமர்ந்து, கூட்டத்தில் பேசும் உரிமை பெற்றும் வாக்களிக்கும் உரிமை பெறாமலும் இருந்த மாற்று உறுப்பினர்கள் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகின்றனர். ஆயினும் ஒரு கட்சி தன் அடித்தளத்தோடு கொண்டிருக்கும் சம்பந்தம் எத்தகையது என்பதை அறிய விரும்புவோன் பார்க்கவேண்டிய இடம் அந்த இரண்டாம் வரிசையே என்பது என் அபிப்பிராயம். அவ்வரிசையில் இருப்பவனுக்கு அதிகாரம் தலைமையின் அருளால் வந்ததா, தன்னை அனுப்பிய மக்களிடமிருந்து வந்ததா என்ற வினாவைச் சீனத்துப் பஞ்சாலைத் தொழிலாளர் மூவரின் கதையைக் கொண்டும், நம் கோவை திருப்பூர்ப் பிரதேசத்துத் தொழிற்சங்க அனுபவத்தைக் கொண்டும் இங்கே ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஸ்தானத்தின் இலக்கணம். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் கமிட்டியில் முழு உறுப்பினர், மாற்று உறுப்பினர் என இருவகையினர் உளர். முழு உறுப்பினரின் இடம் காலியாகும்போது, மாற்று உறுப்பினருள் அதிக வாக்குப் பெற்றவர் எவரோ அவரே அவ்விடத்துக்கு உரியவராகிறார். 1956இல் கூடிய எட்டாவது மகாநாடு 97 முழு உறுப்பினரையும் 73 மாற்று உறுப்பினரையும் தேர்ந்தது. 2022இல் கூடிய இருபதாவது மகாநாட்டில் அவ்வெண்கள் முறையே 205, 171 என உயர்ந்தன. மாற்று உறுப்பினர் பட்டியல் வாக்குகளின் வரிசையில் வெளியிடப்படுவதால் அதன் கடைசிப் பெயருக்கும் ஒரு பொருள் உண்டு. 1997இல் 151 மாற்று உறுப்பினருள் கடைசியாக நின்ற பெயர் ஷி ஜின்பிங் என்பதை இன்று நினைக்கும்போது, வாக்கு வரிசையைக் கொண்டு ஆரூடம் சொல்வோர் சற்றே அடக்கம் கொள்வது நலம். பொலிட்பீரோவிலும் இவ்வகை ஸ்தானம் இருந்தது. அது ஏறுவோர்க்குக் காத்திருக்கும் இடமாக மட்டுமின்றி, இறங்குவோர்க்குத் தங்குமிடமாகவும் பயன்பட்டது. ஒருகாலத்தில் கட்சியின் தலைமைப் பொறுப்பையே வகித்த ஜாங் வென்தியானும், முன்னரே முழு உறுப்பினராயிருந்த காங் ஷெங்கும் 1956இல் பொலிட்பீரோவின் மாற்று உறுப்பினராகத் தாழ்த்தப்பட்டனர். 2002இல் வாங் காங் ஒருவரே அவ்விடத்தில் அமர்ந்தார். 2007க்குப் பின் பொலிட்பீரோவில் மாற்று ஸ்தானமே இல்லை.

இந்த ஸ்தானத்தின் பலவீனத்தையும், அதை மீறுவதற்குரிய வழியையும் ஒருசேரக் காட்டும் உதாரணம் மா சே துங்கே. 1924 ஜனவரியில் கோமிந்தாங் கட்சியின் முதல் மகாநாடு அவரைத் தன் மத்திய நிர்வாகக் கமிட்டியின் மாற்று உறுப்பினராகத் தேர்ந்தது. 1927இல் அவருடைய சொந்தக் கட்சியின் ஐந்தாவது மகாநாடு மத்தியக் கமிட்டியில் அவருக்கு அளித்ததும் மாற்று ஸ்தானமே. அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த அவசரக் கூட்டம் தற்காலிகப் பொலிட்பீரோவில் அதே தகுதியைத் தந்தது. இலையுதிர்கால அறுவடைக் கிளர்ச்சி தோல்வியுற்றதும் நவம்பரில் அந்த ஸ்தானம் பறிக்கப்பட்டது. மறு ஆண்டு வசந்தத்தில், அவர் தங்கியிருந்த ஜிங்காங் மலைமேல் வந்து சேர்ந்த தூதன் ஒருவன், அவர் கட்சியிலிருந்தே விலக்கப்பட்டார் என்று தவறான செய்தியையும் சொன்னான். பதவி போனபின்னும் மனிதர் நிலைத்ததற்குக் காரணம், அம்மலையில் அவருக்கென்று ஒரு படையும், அப்படையைப் போஷித்த குடியானவர்களும் இருந்ததுதான். தலைமை அளித்ததைத் தலைமை பறித்துக்கொள்ள முடிந்தது. தலைமை அளிக்காத ஒன்றின் மேல் அதன் கை எட்டவில்லை.

இனி, பஞ்சாலைக்கு வருவோம். ஷான்ஷி மாகாணத்து ஷியான்யாங் நகரில், வடமேற்கு அரசாங்கப் பஞ்சாலை முதல் எண்ணில் நூற்புப் பிரிவில் வேலை செய்த வூ குய்ஷியான் என்ற பெண், 1973 ஆகஸ்டில் கூடிய பத்தாவது மகாநாட்டுக்குப் பின் பொலிட்பீரோவின் மாற்று உறுப்பினரானார். நம் கோவை மில்களில் ‘சைடர்’ என்று அழைக்கப்படுவோர் செய்யும் வேலைதான் அவருடையதும்: யந்திரத்தின் நீளம் முழுவதும் நடந்துகொண்டே அறுந்த நூலைக் கண்டுபிடித்து ஒட்டுவது. அவ்வாலையின் ஜாவ் மெங்தாவ் என்னும் புகழ்பெற்ற முன்மாதிரித் தொழிலாளி 1963இல் இளம் வயதிலேயே காலமானபோது, அவர் பெயரால் வழங்கிய குழுவுக்கு வூ தலைவியானார். அக்குழுவின் கீர்த்தி அவரை 1969இல் மத்தியக் கமிட்டிக்கும், நான்காண்டில் பொலிட்பீரோவுக்கும், 1975 ஜனவரியில் உபபிரதமர் பதவிக்கும் கொண்டுசென்றது. அந்நாட்டில் அப்பதவியை வகித்த முதல் பெண்மணி அவரே. கலாசாரப் புரட்சி தொழிலாளரையும் விவசாயிகளையும் தலைமையில் அமர்த்திக் காட்ட விரும்பிய காலம் அது. அக்காட்சிக்கு நூற்றல் தொழில் செய்த ஒரு பெண் பெரிதும் பொருந்தினார். 1976இல் மா மறைந்தார்; 1977இல் பதினோராவது மகாநாட்டுப் பொலிட்பீரோவில் வூவின் பெயர் இல்லை; உபபிரதமர் பதவியையும் துறந்து தம் பழைய ஆலைக்கே அவர் திரும்பினார்.

திரும்பிய செயலில் ஒரு கண்ணியம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. வீழ்ந்த பெரியோர் பலர் சிறையிலும் சிலர் மௌனத்திலும் கிடந்த காலத்தில், தொழிலுக்குத் திரும்ப ஓர் இடம் இருந்த ஒருவர் பாக்கியசாலியே. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. ஷியான்யாங் ஆலையின் தொழிலாளர்கள் அவரைப் பீக்கிங்குக்கு அனுப்பினார்களா? கூலி, வீட்டுவசதி, இரவு ஷிப்டு என எதைக் குறித்தாவது அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததா? அவர் பெற்றது மிக உயர்ந்த ஸ்தானம். ஆனால் அதன் வேர் ஆலைக்குள் இறங்கியிருக்கவில்லை. ஆகவே மேலிருந்து பிடித்த கை விலகியதும், கீழிருந்து தாங்கும் கை ஒன்றும் இல்லாமற் போயிற்று.

சிங்தாவ் நகரத்துப் பஞ்சாலைப் பெண் ஹாவ் ஜியான்ஷியுவின் கதை சற்றே வேறுவிதமானது, ஒப்புநோக்குக்கு மிகவும் பயன்படுவது. பதினாறு வயதில், யந்திரங்களினிடையே நடக்கும் சுற்றை ஒழுங்குபடுத்தி, வேலைகளை முன்பின்னாக வகுத்து, கழிவுப் பஞ்சை வெகுவாகக் குறைத்த அவருடைய முறை, 1951இல் அவர் பெயராலேயே நாடெங்கும் பரப்பப்பட்டது. பின் பொறியியற் கல்வி கற்று, ஆலைப் பொறுப்பேற்று, 1981இல் நெசவுத் தொழில் மந்திரியாகவும், 1982இல் கட்சிக் காரியாலயத்தின் மாற்றுக் காரியதரிசியாகவும் உயர்ந்து, 1985இல் அதன் முழு உறுப்பினரானார். வூ நின்ற இடம் அரசியல் காற்று வீசிய திக்கில் இருந்தது. ஹாவின் பிடிமானம் தொழில்நுட்ப ஞானத்தில் இருந்தது. ஆகையால் காற்று மாறியபின்னும் இவர் நிலைத்தார். ஆனால் இவரும் தொழிலாளரால் அனுப்பப்பட்ட பிரதிநிதியல்லர். தொழிலாளர் வர்க்கத்திலிருந்து நிர்வாகம் பொறுக்கியெடுத்த திறமைசாலி. மூன்றாமவராகிய வாங் ஹோங்வென், ஷாங்காய் பதினேழாம் எண் பஞ்சாலையின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து புறப்பட்டு, மாற்று ஸ்தானத்தில் காத்திராமலேயே 1973இல் கட்சியின் உபதலைவரானவர். 1976 அக்டோபரில் கைதானார். அவரைப் பற்றி இங்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆலையைப் பற்றிச் சொல்லலாம்: 1998 முதல் ஒரு கோடிக் கதிர்களை அழித்துப் பன்னிரண்டு லட்சம் நெசவாலைத் தொழிலாளரைக் குறைப்பதென்று சீன அரசாங்கம் வகுத்த திட்டம் ஷாங்காயிலேயே தொடங்கிற்று, பதினேழாம் எண் ஆலை நின்ற இடம் இன்று சர்வதேச நாகரிக உடைகளின் விற்பனை மையமாகத் திகழ்கிறது. மில் தொழிலாளியை மத்தியக் கமிட்டிக்கு ஏற்றிய அரசாங்கமே மில்லைக் கலைத்தபோது, தடுத்து வாதிடக்கூடிய ஸ்தானத்தில் மில்லினால் அனுப்பப்பட்டவர் எவருமில்லை.

நம் நாட்டில் இதற்கு நேரான ஸ்தானம் கட்சியின் உச்சியில் அல்ல, வாசற்படியிலேயே அதிகம் காணப்படுவது. மார்க்சிஸ்ட் கட்சியில் புதிதாகச் சேர்பவர் ஓராண்டுக் காலம் பரிட்சார்த்த உறுப்பினர். கடமைகள் எல்லாம் உண்டு, தேர்ந்தெடுக்கவும் தேர்ந்தெடுக்கப்படவும் வாக்களிக்கவும் உரிமையில்லை. அதன்பின் கிளை, இடைக்கமிட்டி, மாவட்டக் குழு எனப் படிகள் உள்ளன. 1946 ஜனவரி 8ஆம் நாள் தூக்கிலேறிய சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வரின் நினைவைத் தாங்கும் கோவைப் பிரதேசத்தில், 1957இல் பார்வதி கிருஷ்ணனையும் 1967இல் கே. ரமணியையும் மக்களவைக்கு அனுப்பிய இயக்கத்தின் உயிர்நாடி, பெயர் தெரியாத இரண்டாம் வரிசையினரே: மில் வாசலில் சந்தா பிரித்தவர், இரவு ஷிப்டு முடிந்தபின் வாயிற்கூட்டம் போட்டவர், லேபர் ஆபீசில் காத்திருந்து பஞ்சப்படிக் கணக்கை எழுதியவர். இவர்களுள் எவரும் பொலிட்பீரோவை எட்டவில்லை; ஆனால் தவறிழைத்தால் மறுநாள் காலை மில் வாசலில் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒவ்வொருவர் தலைமேலும் இருந்தது. வூ குய்ஷியானுக்கு இல்லாதிருந்தது அந்த நிர்ப்பந்தமே.

திருப்பூரில் இவ்வரிசை தன் பலத்தின் உச்சத்தைக் காட்டியது 1984இல். பஞ்சப்படி கோரி இடதுசாரிச் சங்கங்கள் நடத்திய பனியன் தொழிலாளர் வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. மேடையில் பேசிய தலைவர்களின் நாவன்மையால் மட்டும் நான்கு மாதத்துக்கு மேல் ஒரு நகரத்தின் அடுப்புகள் எரிவதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி ஆளை அறிந்து, யார் வீட்டில் அரிசி இல்லை, யார் மனம் தளர்கிறார் என்பதைத் தெருத்தெருவாக அறிந்திருந்தவர்கள் இல்லாமல் அப்படியொரு போராட்டம் நடவாது; அதுவே மாற்று வரிசைத் தலைமையின் தொழில்.

அந்தப் போராட்டத்தின் பின்விளைவே இவ்வாராய்ச்சியின் கடினமான பகுதி. முன்னரே தொடங்கிவிட்டிருந்த ஒரு மாறுதல் அதன்பின் வேகங்கொண்டது. ஒரே கூரையின் கீழ் நடந்த பின்னல், வெட்டல், தையல், பேக்கிங் எல்லாம் தனித்தனி அலகுகளாகப் பிரிந்து, ஜாப் ஒர்க் என்ற பெயரில் சந்துக்குச் சந்து பரவின. ஆய்வாளர் ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட தம் நூலில் காட்டியபடி, திருப்பூரின் முதலாளிகளில் கணிசமானோர் உழவுக் குடும்பங்களிலிருந்து தொழிலாளராய் வந்து, தம் உழைப்பையே மூலதனமாகச் சொல்லி உயர்ந்தவர்கள். இதிலிருந்து நான் கொள்ளும் அனுமானம் ஒன்று உண்டு. பத்துப் பேரைச் சேர்த்து வேலை வாங்கும் சாமர்த்தியம், கணக்குப் பார்க்கும் அறிவு, எதிராளியோடு பேரம் பேசும் துணிவு ஆகிய குணங்கள்தாம் சங்கத்துக்கு இரண்டாம் வரிசைத் தலைவனைத் தருகின்றன. அக்குணங்களையே நான்கு பவர் டேபிள் போட்டுச் சொந்தமாய்த் தொழில் தொடங்குவோனிடமும் காண்கிறோம். சீனத்தில் கட்சி ஆலையிலிருந்து திறமைசாலிகளை உறிஞ்சி மேலே கொண்டுபோயிற்று. திருப்பூரில் தொழிலே அவர்களைச் சங்கத்திலிருந்து உறிஞ்சி முதலாளியாக்கிற்று. இரு வழியிலும் தளத்தில் எஞ்சியது ஒரு வெற்றிடம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும்; நியாயமான ஆட்சேபமே. சீனக் கட்சி காட்சிக்காகவேனும் இரண்டு பஞ்சாலைப் பெண்களை நாட்டின் மிக உயர்ந்த சபைகளில் அமர்த்திற்று. பெண்கள் பெருந்தொகையினராய்த் தையல் மெஷினிலும் செக்கிங் மேஜையிலும் பிசிறு வெட்டும் வேலையிலும் உழைக்கும் திருப்பூரில், முதலாளிகள் சங்கங்களோடு கூலி ஒப்பந்தம் பேசும் மேஜையின் தொழிலாளர் பக்கத்தில் பெரும்பாலும் ஆண்களையே காண்கிறோம். கீழிருந்து எழுந்த தலைமை என்று நான் புகழ்ந்த வரிசை, தன் கீழ்த்தளத்தில் பாதியைக் காணாமலே எழுந்தது என்ற குற்றச்சாட்டுக்கு என்னிடம் விடையில்லை. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து, கான்டிராக்டரின் விடுதியில் தங்கி, சில மாதம் உழைத்து ஊர் திரும்பும் இளைஞர்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஓராண்டுக் காலப் பரிட்சார்த்த நிலையைக் கடந்தாலொழிய முழு உறுப்பினராக முடியாத ஸ்தாபனம், ஓராண்டு ஒரே கம்பெனியில் தங்காத தொழிலாளியைத் தன் படிகளில் எங்ஙனம் ஏற்றும்? சங்கத்தில் அங்கத்தினராவது சுலபம். கிளைச் செயலாளராவதற்கு ஓர் ஊரும் ஒரு நிலையான வேலையிடமும் தேவைப்படுகின்றன.

கூலி ஒப்பந்தம் நான்காண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டே வருகிறது. கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் என ஒவ்வொரு பிரிவுக்கும் ஷிப்டுக் கூலி அதில் வரையப்படுகிறது. அந்தக் கூலி ஜாப் ஒர்க் யூனிட்டில், பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவனுடைய கையில் சனிக்கிழமை மாலை வந்து சேருகிறதா என்று பார்த்துவரவேண்டியவன் மாவட்டக் குழு உறுப்பினனல்லன், அவனுக்கு இரண்டு படி கீழே, அந்த யூனிட்டுக்குள்ளேயே இருக்கவேண்டியவன். எட்டுப் பேர் வேலை செய்யும் அந்த யூனிட்டில் அப்படியொருவனைத் தேர்ந்தெடுக்கும் முறையை எந்தச் சங்கத்தின் அமைப்பு விதியும் இதுவரை நிறைவாக வகுத்துத் தரவில்லை.