"கோட் என்ன?" என்று கேட்ட சர்க்கரை மீட்டர்

நம் கிளப் ஹவுஸில் நடந்த சர்க்கரை பரிசோதனை முகாமில் எனக்கு முன்னால் நின்றவர், சில விநாடிகளில் எண் வந்ததைப் பார்த்து, "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டார். இன்று அவ்வளவுதான். ஆனால் இந்த நிலைக்கு வர முப்பது, நாற்பது வருடங்கள் ஆயின.

1965இல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ் என்ற பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்மேல் பெரிய சொட்டாக ரத்தம் வைத்து, சரியாக 60 விநாடி காத்திருந்து, தண்ணீரில் கழுவி, நீல நிறத்தை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொருவர் கண்ணுக்கும் அந்த நீலம் ஒவ்வொரு மாதிரி தெரிந்தது. அதனால் ஏம்ஸின் பொறியாளர் ஆன்டன் கிளெமென்ஸ், பட்டையில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் கருவியை வடிவமைத்தார். 1970 வாக்கில் வந்த அந்த மீட்டரின் எடை சுமார் 1.2 கிலோ, முள் நகர்ந்து அளவைக் காட்டும். அது டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டும்தான்.

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற நியூயார்க் பொறியாளர் 12 வயதிலிருந்தே சர்க்கரை நோயாளி. மீட்டரின் விளம்பரத்தைப் பார்த்துக் கேட்டார். நோயாளிக்கு விற்க மாட்டோம் என்றார்கள். அவர் மனைவி டாக்டர். அவர் பெயரில் வாங்கி, தினமும் பல முறை தானே அளந்து, இன்சுலினையும் சாப்பாட்டையும் மாற்றிப் பார்த்தார். உடல்நிலை தேறியது. அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினால் மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. மனிதர் விடவில்லை, நாற்பது வயதைத் தாண்டி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரே ஆகிவிட்டார்!

1980களில் மீட்டர்கள் சின்னதாகி வீட்டுக்குள் வந்தன. முள் போய் எண் வந்தது. "இப்போது ரத்தம் வை", "இப்போது துடை" என்று பீப் ஒலியால் சொல்லவும் கற்றுக்கொண்டன. 1987இல் வந்த ஒன் டச், துடைக்கும் வேலையையும் நேரம் பார்க்கும் வேலையையும் எடுத்துவிட்டது. ஆனால் மீட்டர் ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்டது: கோட் என்ன?

பட்டையில் தடவும் என்சைம் ஒவ்வொரு தயாரிப்பிலும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். எந்தக் கணக்கை வைத்து எண் சொல்வது என்று மீட்டருக்குத் தெரிய வேண்டும். தொழிற்சாலை அதைக் கோட் எண்ணாக டப்பாவில் அச்சிட்டது. டப்பாவிலிருந்து மீட்டருக்கு அந்த எண்ணைக் கொண்டுபோகும் வேலை நம்முடையது. சிலவற்றில் பட்டனை அழுத்தி மாற்ற வேண்டும், சிலவற்றில் குட்டி சிப் ஒன்றைச் செருக வேண்டும்.

என் அப்பா அதில்தான் தவறினார். புது டப்பா வாங்கிய பிறகும் மீட்டரில் பழைய கோட். பத்து நாளாக எண் கூடிக்கொண்டே போனது. அவர் இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். ஒரு விடியற்காலையில் வியர்த்து, கை நடுங்கி, என்னை எழுப்பினார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத்தான் தெளிந்தார். அதன் பிறகே டப்பாவை எடுத்துப் பார்த்தோம். அம்மா இன்றுவரை, "மெஷின் கேட்டுச்சு, நீங்கதான் பதில் சொல்லல" என்பாள். நான் அப்பா கட்சி. கண் மங்கும் நோய்க்கான கருவி, பொடி எழுத்தைப் படித்துச் சொல் என்று கேட்டது என்ன நியாயம்?

2000க்குப் பிறகு கோட் கேட்காத மீட்டர்கள் பரவின.

இன்னொரு கேள்வியும் தொல்லை கொடுத்தது. சில மீட்டர்களில் தேதி, நேரம் வைக்கும்போது கை தவறினால் அலகே மாறிவிடும். நாம் பயன்படுத்துவது மில்லிகிராம் கணக்கு. பிரிட்டன் போன்ற நாடுகளில் மில்லிமோல். ஒரு மில்லிமோல் நம் கணக்கில் 18. திரையில் வந்த 8.5ஐப் புள்ளி தெரியாமல் 85 என்று படித்தால் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம். உண்மையில் அது 153. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கி வந்த மீட்டர் நம் பிளாக்குகளில் நிறைய உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் என்ன அலகு இருக்கிறது என்று இன்றே ஒரு முறை பாருங்கள். படிக்க முடியாவிட்டால் ஞாயிறு காலை கிளப் ஹவுஸுக்குக் கொண்டு வாருங்கள். நானும் கண்ணாடியோடு அங்கே இருப்பேன்.