காசநோய் மருந்து வீடு தேடி வந்த கதை



இந்த மலரில் சேமிப்பு, கடன், தொழில் பற்றி மற்ற சகோதரிகள் எழுதுகிறார்கள். நான் காசநோயின் வரலாற்றை எழுதுகிறேன். கல்யாணமான பெண்ணுக்கு டி.பி. என்று தெரிந்தால், "குணமாகிற வரைக்கும் அம்மா வீட்டுல இரு" என்று அனுப்பி வைப்பது இன்னும் நடக்கிறது. அப்படிப் பிரிக்கத் தேவையில்லை என்று அறுபது வருஷத்துக்கு முன்னாடியே சென்னையில் நிரூபித்துவிட்டார்கள். அது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் இதைச் சயரோகம், எலும்புருக்கி நோய் என்பார்கள். பரம்பரை வியாதி, பாவத்தின் சம்பளம் என்றெல்லாம் பேசினார்கள். 1882 மார்ச் 24 அன்று ஜெர்மனி டாக்டர் ராபர்ட் காக், இது ஒரு கிருமியால் வருகிறது என்று அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலக காசநோய் தினம். கிருமி தெரிந்தும் அதைக் கொல்ல மருந்து கிடைக்க இன்னும் அறுபது வருஷம் ஆனது. அதுவரை நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். ரயிலில் போகும்போது தாம்பரம் சானிடோரியம் என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர்தான் அது.

1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தில் 107 நோயாளிகளை வைத்துச் சோதித்து 1948-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்கள் முதலில் நன்றாகத் தேறினார்கள். சில மாதத்தில் பலருக்கு மருந்து கேட்கவில்லை. கிருமி அதற்குப் பழகிவிட்டது. கோரைப் புல்லை மேலாகக் கிள்ளிவிட்டுக் கிழங்கை விட்டால் என்ன ஆகும்? அதே கதைதான். ஒரு மருந்துக்குச் சாகாத கிருமி கொஞ்சம் மிஞ்சும், அதுவே பெருகும். அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அப்போதே தெரிந்துகொண்டார்கள். 1952-ல் ஐசோனியசிட் மாத்திரை வந்தது. விலை குறைவு, வாயால் சாப்பிடலாம்.

மருந்து வந்தாச்சு. ஆனால் நம் நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் போதவில்லை. வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் குணமாகுமா? இதைப் பார்க்கத்தான் 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கினார்கள். நம் அரசும், உலக சுகாதார நிறுவனமும், இந்திய, இங்கிலாந்து மருத்துவ ஆராய்ச்சி அமைப்புகளும் சேர்ந்து செய்தது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதில் முக்கியமானவர்.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானிடோரியத்தில், பாதிப் பேர் வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். சானிடோரியத்தில் நல்ல சாப்பாடு, கட்டில், ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெருக்கடியான சின்ன வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, வேலையும் விடாது.

1959-ல் முடிவு வந்தது. நோய் அடங்கியவர்கள் சானிடோரியத்தில் 100-க்கு 92, வீட்டில் 100-க்கு 86. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய சமம். அதைவிடப் பெரிய செய்தி, வீட்டில் வைத்துப் பார்த்த குடும்பங்களில் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. நோய் என்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களில்தான் அதிகம் பரவியிருந்தது. மருந்து ஆரம்பித்ததும் பரவுவது சீக்கிரமே குறைந்துவிடுகிறது. இதைப் பார்த்து உலகம் முழுக்க வீட்டு வைத்தியத்துக்கு மாறினார்கள். வசதியில்லாத வீடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட நம்மைப் போன்ற பெண்களுக்கும் இந்த வெற்றியில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

அந்த மையம் இன்னொன்றையும் கண்டது. உடம்பு தேறியதும் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பிறகு, கண் முன்னாடியே மருந்து விழுங்க வைக்கும் முறையை அங்கேயே சோதித்தார்கள். பின்னாளில் டாட்ஸ் என்று நாடு முழுக்க வந்தது அந்த வழியில்தான். 2006-க்குள் எல்லா மாவட்டத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. 2012 முதல் தனியார் டாக்டரும் டி.பி. நோயாளியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நிக்ஷய் என்ற கணினிப் பதிவில் ஒவ்வொருவரின் சிகிச்சையும் தொடர்ந்து பார்க்கப்படுகிறது.

இவ்வளவு பார்ப்பது ஏன்? முக்கிய மருந்துகளான ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் சாகாத கிருமி வந்துவிட்டது. அது பாதியில் மருந்தை விட்டவரோடு நிற்காது. மாத்திரையே சாப்பிடாத குழந்தைக்கும் அதே கிருமி நேராகத் தொற்றலாம். முன்பு அதற்கு இரண்டு வருஷம் வரை சிகிச்சை, காது கேட்காமல் போகவைக்கும் ஊசி. இப்போது சிலருக்கு ஆறு மாதத்தில் மாத்திரையாலேயே முடிக்கும் வழி வந்திருக்கிறது. ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதைச் சளியிலிருந்து சில மணி நேரத்தில் சொல்லும் மெஷினும் இருக்கிறது.

நம் குழுவில் கடன் வாங்கினால் இரண்டு தவணை கட்டிவிட்டுக் கணக்கு முடிந்தது என்போமா? சாதாரண டி.பி.க்கு ஆறு மாதம் என்றால் ஆறு தவணை. இரண்டாம் மாதம் இருமல் நின்றாலும் கணக்கு முடியவில்லை.

கூட்டத்தில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுக்கச் சொல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், பாஸ்புக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நோய் என்று தெரிந்த சகோதரியை ஊரைவிட்டு அனுப்பாமல், பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவர் தினமும், "மாத்திரை போட்டாச்சா அக்கா?" என்று கேட்கட்டும். சந்தா எழுதும் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.