தூக்கியெறியப்பட்ட ஒலிநாடா: பீற்றில்ஸின் முதல் தொகுப்பும் அதன் மறுவெளியீடுகளும்

பழைய இசைத்தொகுப்பு ஒன்று ‘ரீமாஸ்டர்’ செய்யப்பட்டு மீண்டும் வெளியாகிறது என்ற செய்தியைக் கேட்டதும், பழைய சரக்கைப் புது உறையில் போட்டு விற்கிறார்கள் என்றே பலருக்குத் தோன்றும். பல தடவைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பீற்றில்ஸ் குழுவினரின் முதல் தொகுப்பான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யின் மறுவெளியீடுகளைத் தொடர்ந்து பார்த்தால், வியாபாரத்துக்கு அப்பால் இன்னொரு விடயம் தெரியவரும். அன்று கலையகத்தில் இருந்தவர்கள் எந்த ஒலிநாடாவைப் பத்திரப்படுத்தினார்கள், எதை வேண்டாமென்று விட்டார்கள் என்பதே அறுபது ஆண்டுகளின் பின்னர் நாம் எதைக் கேட்க முடியும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

1963 பெப்ரவரி 11ஆம் திகதி காலை பத்து மணிக்கு ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் லண்டன் அபே ரோட்டில் உள்ள ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் இரண்டாம் இலக்கக் கலையகத்துக்குள் நுழைந்தார்கள். இரவு 10.45க்கு வெளியே வரும்போது பத்துப் பாடல்கள் பதிவாகியிருந்தன. ஏற்கெனவே இரண்டு சிறு இசைத்தட்டுகளில் வெளிவந்திருந்த நான்கு பாடல்களைச் சேர்த்துப் பதினான்கு பாடல்களுடன் மார்ச் 22ஆம் திகதி தொகுப்பு வெளியானது. பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அது 30 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதை அந்த இடத்திலிருந்து இறக்கியது அதே குழுவின் இரண்டாவது தொகுப்புத்தான்.

அன்று லெனனுக்குக் கடும் தடிமன். தொண்டையைக் கிழிக்கும் ‘ட்விஸ்ட் அன்ட் ஷவுட்’ பாடலைத் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். முதல் தடவை பாடியதே தட்டில் இடம்பெற்றது. இரண்டாவது தடவை முயன்றபோது குரலில் எதுவும் மிச்சம் இருக்கவில்லை. மேடை நிகழ்ச்சியை அப்படியே பிடித்து வைத்ததுபோல் இத்தொகுப்பு ஒலிக்கிறது என்று சொல்வார்கள். அது முழுவதும் உண்மையல்ல. முதற்பாடலின் தொடக்கத்தில் மக்கார்ட்னி எண்ணுவது ஒன்பதாவது முயற்சியிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு முதல் முயற்சியின் முன்னால் ஒட்டப்பட்டது. கத்தரிக்கோல் அன்றும் இருந்தது.

பதிவு செய்த கருவியில் இரண்டே இரண்டு தடங்கள்தான் இருந்தன. ஒன்றில் குரல்கள், மற்றதில் வாத்தியங்கள். கிற்றார்களும் ட்ரம்ஸும் ஒரே தடத்தில் கலந்து கிடந்தன. மார்ட்டினின் நோக்கம் ஸ்டீரியோ அல்ல. குரலையும் வாத்தியத்தையும் பின்னர் அளவாகக் கலந்து, அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்த ஒற்றை ஒலிபெருக்கிக்கு ஏற்ற மோனோ வடிவம் ஒன்றைத் தயாரிப்பதே அவரது திட்டம். ஸ்டீரியோ கேட்பவர்களுக்காக அதே இரு தடங்களும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து விடப்பட்டன. ஆகவே இன்று காதில் ஹெட்போனை மாட்டி ஸ்டீரியோ வடிவத்தைக் கேட்டால் ஒரு காதில் பாட்டும் மறு காதில் வாத்தியமுமாக இருக்கும். பிழையான பிரதி கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

1987இல் இத்தொகுப்பு முதன்முதலாக இறுவட்டில் வந்தபோது மோனோவில் மாத்திரமே வெளியிடப்பட்டது. 2009 செப்ரெம்பர் 9ஆம் திகதி குழுவின் முழுத் தொகுப்புகளும் ரீமாஸ்டர் செய்யப்பட்டு வெளிவந்தன. அபே ரோட் கலையகத்தின் ஒலிப் பொறியியலாளர்கள் இதற்காக நான்கு ஆண்டுகள் உழைத்தார்கள். இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ரீமாஸ்டர் என்பது ஏற்கெனவே கலந்து முடித்த நாடாவை எடுத்து, அதன் இரைச்சலையும் ஒலிச் சமநிலையையும் சீர்செய்வது. ட்ரம்ஸை மட்டும் கூட்டுவதோ லெனனை மட்டும் முன்னால் கொண்டுவருவதோ அதில் முடியாது. அதற்குத் தடங்களைத் திரும்பக் கலக்க வேண்டும், அது ரீமிக்ஸ். 2009இல் செய்தது முதலாவது வேலை. ஒவ்வொரு பாடலாக நாடாவிலிருந்து பிரதியெடுத்து, இடையிடையே கருவியில் படிந்த தூசியைத் துடைத்திருக்கிறார்கள். இரைச்சல் நீக்கும் தொழில்நுட்பத்தை மொத்தம் 525 நிமிட இசையில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. இரைச்சலோடு சேர்த்து மூச்சையும் துடைத்துவிட்ட மறுவெளியீடுகள் எத்தனையோ உண்டு.

அந்த 2009 ஸ்டீரியோ இறுவட்டில் இரண்டு பாடல்கள் மட்டும் மோனோவிலேயே ஒலிக்கின்றன: ‘லவ் மீ டூ’, ‘பி.எஸ். ஐ லவ் யூ’. காரணம் எளிமையானது. மோனோ வடிவம் தயாரான பின்னர் அவற்றின் இருதட நாடாக்களை யாரும் பாதுகாக்கவில்லை. புதிய குழு ஒன்றின் முதற்தட்டு. அதன் நாடாவை வைத்திருந்து என்ன பயன் என்று நினைத்திருப்பார்கள்.

‘லவ் மீ டூ’வின் கதை இன்னும் நீண்டது. 1962 ஜூனில் பீற் பெஸ்ட் ட்ரம்ஸ் வாசிக்க அதை ஒருமுறை பதிந்தார்கள். செப்ரெம்பர் 4ஆம் திகதி றிங்கோ வாசித்தார். அது திருப்தியில்லாமல் செப்ரெம்பர் 11ஆம் திகதி அன்டி வைற் என்ற தொழில்முறைக் கலைஞரை அழைத்தார்கள். றிங்கோவின் கையில் டம்பரீன் கொடுக்கப்பட்டது. ஒக்டோபரில் வெளியான முதற்தட்டில் இருப்பது றிங்கோவின் வாசிப்பு. தொகுப்பில் இருப்பது வைற்றின் வாசிப்பு. டம்பரீன் கேட்டால் தொகுப்பு வடிவம் என்று அடையாளம் காணலாம். பின்னர் றிங்கோ வாசித்த பதிவின் மூலநாடா இல்லாமலே போயிற்று. இன்று நாம் கேட்பது 1962இல் அச்சான இசைத்தட்டிலிருந்து எடுத்த பிரதி. பீற் பெஸ்ட் வாசித்த பதிவும் அழிந்ததென்றே கருதப்பட்டு, பல ஆண்டுகளின் பின் ஒரு பழைய தட்டில் கிடைத்து 1995இல் வெளியிடப்பட்டது. உலகின் மிகப் புகழ்பெற்ற குழுவின் முதற்பாடல், கடையில் விற்ற ஒரு தட்டு தப்பியதால்தான் அதன் முதல் வடிவில் மிஞ்சியிருக்கிறது.

மறுவெளியீடுகளுக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக்காலம் 50 ஆண்டுகளாக இருந்தது. அதை 70ஆக உயர்த்தும் சட்டம் பிரித்தானியாவில் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1962இல் வெளியான ‘லவ் மீ டூ’ அதற்கு முன்பே பொதுவுடைமையாகிவிட்டது. 1963இன் தொகுப்பு தப்பிக்கொண்டது. ஆனால் வெளியிடாமல் வைத்திருந்த பதிவுகளுக்கு அந்த நீடிப்புக் கிடைக்காது. எனவே 2013 டிசம்பரில் 1963ஆம் ஆண்டுக்குரிய 59 பதிவுகள் பெரிய விளம்பரமின்றி இணையத்தில் விற்பனைக்கு விடப்பட்டன. இரசிகர்களுக்கான பரிசு என்று அதைச் சொல்ல முடியாது.

அண்மைய மாற்றம் கணினியால் வந்தது. ‘கெற் பேக்’ ஆவணத் தொடருக்காக இயக்குநர் பீற்றர் ஜக்சனின் குழுவினர் உருவாக்கிய மென்பொருள், ஒரே தடத்தில் கலந்துபோன கிற்றாரையும் ட்ரம்ஸையும் குரலையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. அதைக் கொண்டு ஜோர்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் முதற்தொகுப்பின் சில பாடல்களைப் புதிதாகக் கலந்தார். 2023 நவம்பரில் வெளியான ‘சிவப்புத் தொகுப்பில்’ அவை உள்ளன. ‘லவ் மீ டூ’வுக்கும் ஸ்டீரியோ கிடைத்தது. கேட்க நன்றாகவே இருக்கின்றன. ஆயினும் இரண்டு ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் எது யாருடையது என்பதைக் கணினி கணித்துத்தான் சொல்கிறது. எறிந்த நாடா திரும்பி வந்துவிடவில்லை. முதன்முறை கேட்பவர் மோனோவில் தொடங்குவதே நல்லது என்பேன்.

அதே மாதம் வந்த ‘நவ் அன்ட் தென்’ பாடலில் இத்தொழில்நுட்பத்தின் பயன் இன்னும் தெளிவு. 1970களின் இறுதியில் லெனன் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டு சாதாரண கசற்றில் பதிந்த பாடல் அது. 1980இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 1995இல் மற்ற மூவரும் அதை முடிக்க முயன்று, பியானோவுக்குள் குரல் புதைந்திருந்ததால் கைவிட்டனர். 2001இல் ஹரிசனும் இறந்தார். கசற் இருந்ததால்தான் இத்தனை காலம் கழித்தும் அந்தக் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது.

எங்கள் வீடுகளிலும் கசற்றுகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பியவை, சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்டவை, படம்கூட இல்லாத ஒருவரின் குரல் மட்டும் இருப்பவை. இன்று இரைச்சலுக்குள் கேட்காத சொல் நாளை கேட்கலாம். கசற்றின் விளிம்பில் உள்ள இரு சிறிய பிளாஸ்ரிக் துண்டுகளை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் தவறுதலாகப் பதியாது. பிரதி எடுக்கும்போது சுருக்கப்படாத ‘வேவ்’ கோப்பாக எடுங்கள். இரைச்சல் நீக்குவதென்றால் இன்னொரு பிரதியில் செய்யுங்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓடவிடாமல், தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள். பிரதி எடுத்த பின்னரும் கசற்றை எறிய வேண்டாம்.