பகைவனுக்கும் முகமுண்டு

போர்க்காலத்தில் ஒவ்வொரு நாடும் தன் பகைவனை முகமற்றவனாக்கவே முயலும். பகைவனுக்கும் பெயரும் வீடும் மனைவி மக்களும் உண்டென நினைப்பவன் அவனை எளிதிற் கொல்லான். முதலாம் உலகப் போர் முடிவுற்ற 1918 ஆம் ஆண்டளவில், அமெரிக்கத் திரைப்படங்கள் பல ஜேர்மானியரைக் கொடிய விலங்குகளாகவே சித்திரித்தன. பன்னிரண்டு ஆண்டுகளே கழிந்த நிலையில், அதே நாட்டில் ஜேர்மானியப் படைவீரரைக் கதைமாந்தராகக் கொண்ட படமொன்று தோன்றியமை வரலாற்றிற் குறிப்பிடத்தக்கதாகும்.

1929 இல் நூலுருப் பெற்ற எரிக் மரியா இறெமார்க்கின் நாவலைத் தழுவி, லூயிஸ் மைல்ஸ்ரோன் 1930 இல் இயக்கிய ‘மேற்குப் போர்முனையில் எல்லாம் அமைதி’ என்பதே அப்படம். ஆசிரியரின் வீராவேச உரையில் மயங்கி வகுப்பறையிலிருந்து போர்க்களஞ் சென்ற பவுல் என்னும் மாணவன், குண்டு வீழ்ந்த குழியொன்றிற் பிரெஞ்சு வீரனொருவனைக் குத்துகின்றான். குத்துண்டவன் உடனே இறந்திலன். இரவு முழுதும் அவனருகிலேயே தங்க நேர்ந்த பவுல், அவனுக்கு நீரூட்டுகின்றான். இறந்தபின் மன்னிப்பும் இரக்கின்றான். இறந்தவனிடமிருந்த மனைவி, மகள் ஆகியோரின் நிழற்படம், பகைவன் என்னுஞ் சொல்லையே பொருளற்றதாக்கிவிடுகின்றது.

ஜேர்மானியர்பால் இரக்கங் காட்டிய இப்படத்துக்கு ஜேர்மனியிலேயே பேரெதிர்ப்புக் கிளம்பிற்று. 1930 டிசெம்பரிற் கோயபெல்சின் தலைமையில் நாற்சிக் கட்சியினர் பேர்லின் படமாளிகையில் நாற்றக் குண்டுகளை வீசியும் வெள்ளெலிகளை விட்டும் காட்சியைக் குழப்பினர். அம்மாதமே படம் தடைசெய்யப்பட்டது. ஜேர்மானிய வீரன் பசித்தலையும் அஞ்சுதலையும் அழுதலையும் அவர்கள் பொறுத்திலர். பகைவனை மனிதனாகக் காட்டும் படம் தன்னாட்டானையும் மனிதனாகக் காட்டிவிடுகின்றது. தன்னை மனிதனென உணர்ந்தவன் ஏவிய இடமெல்லாஞ் செல்லான். அவர்தம் அச்சத்துக்குக் காரணம் இதுவே. 1933 இல் இறெமார்க்கின் நூல்கள் எரிக்கப்பட்டன. 1938 இல் அவரது குடியுரிமையும் பறிக்கப்பட்டது.

முதற் போரில் விமானமோட்டியாயிருந்த பிரெஞ்சுக்காரர் ஜோன் றெனுவார் 1937 இல் ‘பெரும் மாயை’ என்னும் படத்தை ஆக்கினார். கணவனையும் உடன்பிறந்தாரையும் போரில் இழந்த ஜேர்மானியப் பெண்ணொருத்தி, தப்பியோடிவந்த பிரெஞ்சுக் கைதிகள் இருவருக்கு அதில் அடைக்கலம் அளிக்கின்றாள். நாற்சி ஆட்சி அதனையுந் தடைசெய்தது.

இப்படங்கள் 1939 இல் மூண்ட போரைத் தடுத்தில. ஆயினும் அவை முற்றும் வீண்போகவில்லை. பவுலாக நடித்த லூ எயர்ஸ் என்னும் அமெரிக்கர், அப்போரிற் படைக்கலம் ஏந்த மறுத்தார். பழிச்சொற்களைத் தாங்கியபின், பசிபிக் போர்க்களத்திற் காயமுற்றோருக்கு மருத்துவத் தொண்டு புரிந்தார்.