சிறுநீரக நோய்: காரணங்கள், எச்சரிக்கை அறிகுறிகள், தண்ணீர் உரிமை

நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமே முதன்மைக் காரணங்கள் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உழைக்கும் மக்களைப் பொறுத்தவரை அப்பட்டியல் முழுமையானதன்று. தமிழ்நாட்டில் 3,350 வேளாண் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2025-இல் வெளியான ஆய்வில், சுமார் 5 விழுக்காட்டினருக்கு இந்நோய் உறுதியானது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் வழக்கமான காரணங்கள் எவையும் காணப்படவில்லை.

காரணங்கள்

கடும் வெயிலில் போதிய தண்ணீரின்றி உழைக்கும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. இது நாள்தோறும் தொடர்ந்தால் நிலையான சிதைவு நேரலாம். நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளில் கரும்பு வெட்டும் இளம் தொழிலாளர்கள் பலர் இவ்வகை நோயால் மாண்டுள்ளனர். கரும்பு விளையும் பாப்பிரெட்டிப்பட்டிக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

உடல்வலிக்காக அடிக்கடி விழுங்கும் டைகுளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் பாதிப்பைக் கூட்டுகின்றன. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லுக்கும் அது வழிவகுக்கிறது.

தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்குத் தீர்வாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. உடலிலிருந்து ஃபுளோரைடை வெளியேற்றுவது சிறுநீரகமே. அது பழுதடைந்தவருக்கு ஃபுளோரைடு உடலில் மேலும் தேங்கும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

சிறுநீரில் அடங்காத நுரை அல்லது இரத்தம், கால் வீக்கம், காலையில் முகம் உப்புதல், இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், பசியின்மை, ஓயாத களைப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை. ஆனால், தொடக்க நிலையில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றாது. ஆகவே இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் ஆண்டுக்கொரு முறையேனும் சோதித்துக்கொள்வது நலம்.

சட்டம் தரும் ஆயுதம்

நோய்த்தடுப்பு தண்ணீரில் தொடங்குகிறது. தண்ணீரிலோ சாதி குறுக்கிடுகிறது. பொதுக்கிணறு, குளம், குழாய் ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதி, பழங்குடி மக்களைத் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நலவாழ்வு, வாழ்வுரிமையைக் கூறும் அரசமைப்பின் 21-ஆம் உறுப்பில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் பலமுறை தீர்ப்பளித்துள்ளது.

எனவே சேரிக்குத் தடையற்ற பாதுகாக்கப்பட்ட குடிநீர், வேலையிடத்தில் நிழலும் ஓய்வும் கழிப்பறையும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிரியேட்டினின் சோதனை ஆகியவற்றைக் கிராம சபைத் தீர்மானங்களாக்குவோம். இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்.