கோடையில் நாய்களைத் தாக்கும் வெப்ப வாதம்

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சப்பை மூக்குள்ள பக், புல்டாக் இனங்களுக்கு அதுவும் சிரமம். கடைக்குப் போய்வரும் நேரம்தானே என்று காரில் பூட்டிச் செல்லாதீர்கள். கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தாலும் பயனில்லை.

நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. விடாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுதும் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறிக் காற்றில் வையுங்கள். பலர் ஈரத்துண்டால் போர்த்திவிடுகிறார்கள். துண்டு சூடேறி வெப்பத்தை வெளியேற விடாது. மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதலில் குளிர்வித்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். தேறியதுபோல் தெரிந்தாலும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம்.